ஒரே லைன், நாலு வரிசை: நெட் வேகத்தைப் பங்கு போடுவது எப்படி

ஆடி அமாவாசைக்கு முந்தின இரவு ஒன்பது மணி இருக்கும். ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு விடுதி. அங்கே நெட், கேமரா எல்லாம் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மேனேஜர் போன் செய்தார். "தம்பி, கவுன்டர் முன்னாடி இருபது பேர் நிக்கிறாங்க. பணம் போட்டா சுத்திக்கிட்டே இருக்கு. நெட்டு செத்துப்போச்சு."

தங்கச்சிமடத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், லைன் சாகவில்லை. 50 எம்பிபிஎஸ் டவுன்லோட், 10 எம்பிபிஎஸ் அப்லோட். இரண்டும் சொன்னபடி வந்துகொண்டிருந்தன. ஆனால் அப்லோட் நிரம்பி வழிந்தது. தனுஷ்கோடிக்குப் போய்த் திரும்பிய கூட்டம். வைஃபை கிடைத்ததும் அத்தனை போனும் அன்றைக்கு எடுத்த வீடியோக்களைத் தானாகவே கிளவுடுக்கு ஏற்ற ஆரம்பித்திருந்தன. கூடவே எட்டு கேமராக்களின் பதிவு நகலும் போய்க்கொண்டிருந்தது. நெட்டில் தரவு துண்டு துண்டாகத்தான் போகும்; ஒரு துண்டு ஒரு பாக்கெட். கவுன்டர் கணினியின் சின்னப் பாக்கெட்டுகள் அத்தனைக்கும் பின்னால் நின்றன.

பெரிய பிளானுக்கு மாறலாமா என்று முதலாளி கேட்டார். மாறலாம்தான். ஆனால் பாக்கெட்டுகளை அனுப்பும் விதிமுறையான டிசிபி என்பது இடம் இருக்கும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும் சுபாவம் உடையது. லைன் நிரம்பிப் பாக்கெட் தவறினால்தான் குறைத்துக்கொள்ளும். இருபது போன்கள் சேர்ந்தால் பெரிய லைனையும் நிரப்பும். அங்கே இல்லாமல் போனது வேகம் அல்ல, பங்கீடு. அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். விடுதிக்கு மட்டுமல்ல, மண்டபத்தில் மீன் கம்பெனி ஆபீஸ், கீழக்கரையில் வளைகுடாவுக்கு வீடியோ கால் பேசும் வீடு என்று ஒரே லைனைப் பலர் பிடித்து இழுக்கும் எந்த இடத்துக்கும் இது பொருந்தும்.

முதல் படி: அளவு எடுங்கள்

ஸ்பீட் டெஸ்ட் மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. லைன் சும்மா இருக்கும்போது ஒரு பிங் (சின்னப் பாக்கெட் ஒன்று போய்த் திரும்ப எவ்வளவு நேரம் என்று பார்க்கும் சோதனை) ஓட விடுங்கள். 15 முதல் 30 மில்லிசெகண்டுக்குள் வரலாம். அப்புறம் ஒரு பெரிய கோப்பை அப்லோடுக்குப் போட்டுவிட்டு, அதே பிங்கைப் பாருங்கள். அன்று இரவு விடுதியில் அது 700ஐத் தாண்டியிருந்தது.

ஏன் இவ்வளவு? மோடத்துக்குள் ஒரு வரிசை இருக்கிறது. அதில் 10 லட்சம் பைட் தேங்கி நின்றால் அது 80 லட்சம் பிட். நொடிக்கு 1 கோடி பிட் போகும் லைனில் அது வடிய 0.8 நொடி ஆகும். கவுன்டரிலிருந்து புறப்படும் ஒவ்வொரு பாக்கெட்டும் இந்த 0.8 நொடி காத்திருந்துதான் வெளியே போகும். ஒரு பணப் பரிமாற்றத்துக்கு ஏழெட்டு முறை போய்வர வேண்டியிருந்தால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இந்தத் தேக்கத்துக்கு பஃபர்ப்ளோட் என்று பெயர்.

இரண்டாம் படி: வரிசையை உங்கள் கைக்குக் கொண்டுவாருங்கள்

நிறையப் பேர் தவறவிடுவது இங்கேதான். ரவுட்டரில் எவ்வளவு நல்ல பங்கீட்டு முறையைப் போட்டாலும், ரவுட்டரில் வரிசையே இல்லையென்றால் அது வேலை செய்யாது. ரவுட்டருக்கும் மோடத்துக்கும் நடுவே இருப்பது கிகாபிட் கேபிள்; அங்கே யாரும் காத்திருப்பதில்லை. நெரிசல் மோடத்துக்குள். அதுவோ வந்த வரிசையில் அனுப்பும், அவ்வளவுதான்.

ஆகவே ரவுட்டரின் வெளியேறும் வேகத்தை லைனை விடக் கொஞ்சம் குறைவாக வையுங்கள். 10க்கு 9, 50க்கு 45. இப்போது மோடம் காலியாக இருக்கும், வரிசை ரவுட்டரில் சேரும். 10 சதவீதம் போய்விட்டதே என்று முதலாளி முகம் சுளிப்பார். அந்த 10 சதவீதத்தைக் கொடுத்துத்தான் யார் முன்னால் போவது என்று சொல்லும் உரிமையை வாங்குகிறோம்.

இந்த வேகக் கட்டுப்பாட்டுக்குப் பின்னால் இருப்பது டோக்கன் பக்கெட். ஒரு குடத்தில் சீராகச் சொட்டும் தண்ணீர் போல டோக்கன் சேருகிறது; ஒரு பைட் வெளியேற ஒரு டோக்கன் வேண்டும்; குடம் நிறைந்தால் மேலே விழுவது வழிந்துபோகும். குடத்தின் அளவுதான் ஒரே மூச்சில் எவ்வளவு அனுப்பலாம் என்பதைத் தீர்மானிக்கும்.

டவுன்லோடுக்கு இது ஒரு சுற்றுவழி. வரிசை இணைப்பு கொடுப்பவரின் பக்கம் இருக்கிறது, நம் கைக்கு எட்டாது. ஆனாலும் வந்து சேர்ந்த பாக்கெட்டுகளை ரவுட்டரில் இன்னொரு முறை 45 எம்பிபிஎஸ் வாசல் வழியே விட்டால், சிலது தாமதமாகும், சிலது விழும். அனுப்புகிறவரின் டிசிபி அதைப் பார்த்து வேகத்தைக் குறைக்கும். அப்லோடு அளவுக்குத் துல்லியம் கிடைக்காது. ஆனாலும் வேலை செய்யும்.

மூன்றாம் படி: வகை பிரியுங்கள்

விடுதியில் நான் பிரித்தது நாலு: பேச்சும் வீடியோ காலும், கவுன்டர், தங்குகிறவர்களின் வைஃபை, கேமரா. இதற்கு மேல் பிரிக்க ஆசை வரும். வேண்டாம். பத்து வரிசை வைத்தவர்கள் ஆறு மாதம் கழித்து எது எதற்கு என்று தாங்களே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

கவுன்டர் கணினி, கேமரா பெட்டி இரண்டுக்கும் ரவுட்டரில் மாறாத முகவரி கொடுத்துவிட்டால் அடையாளம் காண்பது எளிது. பேச்சுப் பாக்கெட்டுகளுக்கு டிஎஸ்சிபி என்ற குறி உண்டு; பேச்சுக்கு வழக்கமான மதிப்பு 46, பின்னால் போனால் போதும் என்பதற்கு 8. வெளியிலிருந்து வரும் பாக்கெட்டுகளில் இந்தக் குறி வழியிலேயே அழிந்துவிடுவது சகஜம், அதை நம்பி மட்டும் எதுவும் கட்டாதீர்கள்.

நான்காம் படி: பங்கீட்டு முறையைத் தேர்ந்தெடுங்கள்

இங்கேதான் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

எல்லாருக்கும் தெரிந்தது வந்தவர் முதலில் போகும் ஒற்றை வரிசை. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் ஆயிரம் பாக்கெட்டை முன்கூட்டியே கொண்டுவந்து நிறுத்தியவருக்கு ஆயிரம் இடம், ஒன்று கொண்டுவந்தவருக்கு ஒரு இடம். அன்று இரவு நடந்தது இதுதான்.

அடுத்து யோசனைக்கு வருவது கறாரான முன்னுரிமை. பேச்சு வரிசையில் ஒரு பாக்கெட் இருக்கும்வரை மற்ற வரிசைகளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கோயிலில் கட்டண தரிசன வரிசை வற்றாமல் வந்துகொண்டே இருந்து, அதை முடித்துத்தான் பொது வரிசையைத் திறப்போம் என்றால் பொது வரிசை அன்று முழுக்க நிற்கும். ஆகவே முன்னுரிமை கொடுத்தால் உச்சவரம்பும் கொடுக்க வேண்டும். பேச்சுக்கு இது தாங்கும். குரலைத் தரவாக்கும் ஜி.711 முறையில் ஒரு அழைப்பு 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட், ஒவ்வொன்றும் 200 பைட். ஒரு திசைக்கு 80 கேபிபிஎஸ்தான். பத்து அழைப்பு வந்தாலும் 1 எம்பிபிஎஸ்ஸைத் தொடாது.

முன்னுரிமை இருந்தாலும் ஒரு காத்திருப்பு மிச்சம் உண்டு. பாம்பன் பாலத்தில் ரயில் ஏறிவிட்டால், கீழே எவ்வளவு பெரிய கப்பல் வந்து நின்றாலும் ரயில் கடந்த பிறகுதான் தூக்குப் பாலம் எழும்பும். 1914ல் திறந்த பழைய பாலத்திலும் அப்படித்தான், 2025ல் திறந்த புதிய பாலத்திலும் அப்படித்தான். லைனில் ஏறிவிட்ட பாக்கெட்டும் அதேபோலப் பாதியில் இறங்காது. 1500 பைட் பாக்கெட் 10 எம்பிபிஎஸ்ஸில் கடக்க 1.2 மில்லிசெகண்ட். பரவாயில்லை. அதே பாக்கெட் 1 எம்பிபிஎஸ் லைனில் 12 மில்லிசெகண்ட். மெதுவான லைனில் பேச்சு திக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, முன்னுரிமை வேண்டாம், முறை வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வரிசையிலிருந்தும் ஒரு பாக்கெட், சுற்றிச் சுற்றி. 1985ல் ஜான் நேகிள் இணையத்துக்கு முன்வைத்த யோசனை கிட்டத்தட்ட இதுதான்: ஒவ்வொரு அனுப்புநருக்கும் தனி வரிசை, முறைக்கு ஒரு பாக்கெட். சிலருக்கு முறைக்கு இரண்டு, மூன்று என்று எடை கொடுத்தால் அது எடையிட்ட சுற்று முறை.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. நம் கடற்கரைக்காரர்களுக்கு அதை விளக்கவே தேவையில்லை. வடகடலில் (பாக் விரிகுடாவில்) வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்ற ஏற்பாடு பல வருஷமாக இருக்கிறது. நாளை எண்ணினால் நாட்டுப்படகுக்குத்தான் ஒரு நாள் கூடுதல். ஆனால் பாடு, அதாவது கிடைக்கும் மீன்? இழுவை மடி போட்ட விசைப்படகு ஒரு நாளில் அள்ளுவதும் வத்தை என்ற சின்னப் படகில் போகிறவர் கொண்டுவருவதும் ஒன்றா? அந்த ஏற்பாட்டைக் குறை சொல்லவில்லை; ஒரே இடத்தில் இரண்டு படகும் மோதி வலை கிழியாமல் இருக்க அது தேவை. ஆனால் முறையை எண்ணுவது வேறு, பாட்டை எண்ணுவது வேறு. பங்கீட்டு முறைகள் எல்லாவற்றிலும் நான் முதலில் கேட்பது இந்த ஒரு கேள்விதான்: இது எதை எண்ணுகிறது?

பாக்கெட்டை எண்ணினால் என்ன ஆகும் பாருங்கள். கேமராவின் பாக்கெட் 1500 பைட், கவுன்டரின் பாக்கெட் 400 பைட். முறைக்கு ஒன்று என்று விட்டால் ஒவ்வொரு சுற்றிலும் போகும் 1900 பைட்டில் 1500 கேமராவுக்கு. சரிபாதி என்று சொல்லி 79 சதவீதத்தை ஒருவர் கொண்டுபோகிறார்.

பைட்டை எண்ண வேண்டும். அதைச் சுத்தமாகச் செய்வது 1989ல் டெமர்ஸ், கேஷவ், ஷெங்கர் மூவரும் எழுதிய நியாய வரிசை முறை. எல்லா வரிசையும் தண்ணீர் போல ஒரே நேரத்தில் ஒழுகினால் இந்தப் பாக்கெட் எப்போது முடிந்திருக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கற்பனை முடிவு நேரம் கணக்கிட வேண்டும். முடிவு நேரம் சிறியதாக இருப்பதை முதலில் அனுப்ப வேண்டும். எடை கொடுக்க, பாக்கெட்டின் நீளத்தை எடையால் வகுத்துக்கொள்ளலாம். எடை கூடினால் முடிவு நேரம் சீக்கிரம் வரும். இப்படிச் செய்தால் அந்தத் தண்ணீர்க் கணக்கை விட, அதிகபட்சம் ஒரு பெரிய பாக்கெட் கடக்கும் நேரத்துக்கு மேல் யாரும் பிந்துவதில்லை என்று பாரேக்கும் கேலகரும் பின்னால் நிரூபித்தார்கள். நம் லைனில் அது அதே 1.2 மில்லிசெகண்ட். அழகான முறைதான். ஆனால் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் நேரம் கணக்கிட்டு வரிசைப்படுத்துவது செயலிக்குச் சுமை. வரிசைகள் கூடக் கூடச் சுமையும் கூடும்.

1995ல் ஸ்ரீதரும் ஜார்ஜ் வர்கீஸும் கொடுத்த பாக்கிக் கணக்குச் சுற்று முறை எனக்கு மிகவும் பிடித்தது. டிஆர்ஆர் என்பார்கள். டீக்கடைப் பற்று நோட்டு தெரிந்தவருக்கு இது தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு வரிசையின் கணக்கிலும் ஒரு தொகை, குவான்டம், வரவு வைக்கப்படும். முன்னால் நிற்கும் பாக்கெட் கணக்கில் இருப்பதற்குள் அடங்கினால் அனுப்பிவிட்டு அந்தப் பைட்டைக் கழிக்க வேண்டும். அடங்காவிட்டால் அது அடுத்த சுற்றுக்கு நிற்கும், ஆனால் கையில் இருக்கும் மிச்சம் அப்படியே இருக்கும்.

குவான்டம் 1000 என்று வைத்து ஓட்டிப் பார்ப்போம். முதல் சுற்று: கேமரா கணக்கில் 1000, பாக்கெட் 1500, அடங்கவில்லை. கவுன்டர் கணக்கில் 1000. 400, 400 என்று இரண்டு போய் மிச்சம் 200. இரண்டாம் சுற்று: கேமராவுக்கு 2000 ஆகிவிட்டது, ஒன்று போய் மிச்சம் 500. கவுன்டருக்கு 1200, மூன்று போய் மிச்சம் பூஜ்யம். மூன்றாம் சுற்று: கேமராவுக்கு 1500, ஒன்று போய் மிச்சம் பூஜ்யம். கவுன்டருக்கு 1000, இரண்டு போய் மிச்சம் 200. மொத்தம் கேமரா 3000 பைட், கவுன்டர் 2800 பைட், கவுன்டர் கணக்கில் இன்னும் 200 இருப்பு. வரிசைப்படுத்தல் இல்லை, கற்பனை நேரம் இல்லை, கூட்டல் கழித்தல் மட்டும்.

இரண்டு விஷயத்தை மறக்கக் கூடாது. வரிசை காலியானால் அதன் மிச்சத்தைப் பூஜ்யமாக்க வேண்டும்; இல்லையென்றால் ஒரு மணி நேரம் சும்மா இருந்தவர் இருப்பைச் சேர்த்துவைத்துத் திடீரென்று லைனை அடைத்துவிடுவார். அப்புறம், குவான்டம் பெரிய பாக்கெட்டின் அளவுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. மேலே விளக்கத்துக்காக 1000 வைத்தேன். அப்படி வைத்தால் கேமரா வரிசையை ஒரு சுற்று வீணாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்காக வானளவு ஏற்றவும் கூடாது. மற்ற மூன்று வரிசைக்கும் 15,000 பைட் கொடுத்தால், பேச்சுப் பாக்கெட் தன் முறைக்கு 36 மில்லிசெகண்ட் நிற்க நேரிடும். 1500 என்றால் 3.6 தான்.

ஐந்தாம் படி: எண்களைப் போடுங்கள்

லினக்ஸ் ரவுட்டரில் வகைவாரியாகப் பிரிக்க எச்டிபி என்ற பங்கீட்டு முறை இருக்கிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு எண்: உறுதியாகக் கிடைப்பது ஒன்று, கடன் வாங்கினாலும் தாண்டக் கூடாத உச்சம் ஒன்று. 9 எம்பிபிஎஸ் அப்லோடை நான் பிரித்தது இப்படி: பேச்சுக்கு 2, கவுன்டருக்கு 2, தங்குகிறவர்களுக்கு 4, கேமராவுக்கு 1. கூட்டினால் 9. உறுதி எண்களின் கூட்டல் மொத்தத்தைத் தாண்டினால் அது உறுதியே இல்லை, இதை மட்டும் இரண்டு முறை சரிபாருங்கள்.

உச்சம் கவுன்டருக்கும் தங்குகிறவர்களுக்கும் 9. மற்றவர்கள் சும்மா இருக்கும்போது அத்தனையும் எடுத்துக்கொள்ளட்டும். பேச்சுக்கு 3, முன்னுரிமையோடு. கேமராவுக்கு 4. கேமராப் பதிவு பெட்டியிலேயே இருக்கிறது, மேலே ஏறுவது நகல்தான். அது நள்ளிரவில் ஏறினால் போதும்.

ஆறாம் படி: வரிசைக்குள்ளும் பாருங்கள்

தங்குகிறவர்களுக்கு 4 எம்பிபிஎஸ் என்று ஒதுக்கியாகிவிட்டது. அதற்குள்ளேயே ஒருவர் முழுவதையும் தின்றால்? இங்கேதான் எஃப்க்யூ-கோடல் என்ற வரிசை முறை வருகிறது. ஒவ்வொரு இணைப்பையும் தானாகவே 1024 சின்ன வரிசைகளில் ஒன்றில் போட்டு, டிஆர்ஆர் போலச் சுற்றுகிறது. புதிதாக வந்த, தேங்காத இணைப்புக்குக் கொஞ்சம் சலுகை. பணம் போடும் பாக்கெட் அதில் நழுவிப் போய்விடும். கூடவே ஒரு வரிசையின் தேக்கம் 5 மில்லிசெகண்டுக்குக் கீழே இறங்காமல் 100 மில்லிசெகண்ட் தொடர்ந்தால் பாக்கெட்டைக் கைவிட ஆரம்பிக்கும். யார் போவது என்பதைச் சுற்று முறை பார்க்கிறது, எப்போது கைவிடுவது என்பதைக் கோடல் பார்க்கிறது. இரண்டும் வேண்டும்.

ஆனால் இது எதை எண்ணுகிறது? இணைப்பை. ஐம்பது இணைப்பு திறக்கும் டோரன்ட் ஆசாமிக்கு ஐம்பது பங்கு, ஒரு வீடியோ காலில் பேத்தியைப் பார்க்கும் பாட்டிக்கு ஒரு பங்கு. கேக் என்ற முறை இதைச் சரிசெய்கிறது. முதலில் ஆளுக்கு ஆள் சமம், அப்புறம் அந்த ஆளின் இணைப்புகளுக்குள் சமம். 2018ல் லினக்ஸ் கெர்னல் 4.19லிருந்து அதோடேயே வருகிறது. வகுப்புப் பிரிக்கப் பொறுமை இல்லாதவர்கள் எச்டிபியை விட்டுவிட்டு நேராகக் கேக்குக்குப் போய்விடலாம். என் வீட்டில் அதுதான்.

ஓபன்டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ் மென்பொருள் ஓடும் ரவுட்டரில், வரிசைகளைக் கவனிக்கும் எஸ்க்யூஎம் தொகுப்பை நிறுவி, வெளி இணைப்பைத் தேர்ந்து, டவுன்லோடில் 45000, அப்லோடில் 9000 என்று கிலோபிட்டில் எழுதுங்கள். வரிசை முறையில் கேக். டிஎஸ்சிபி குறிகளைப் பார்க்க வேண்டுமென்றால் லேயர் கேக், வேண்டாமென்றால் பீஸ் ஆஃப் கேக். லேயர் கேக்கில் பேச்சுக்கு முன்னுரிமை கால் பங்குவரைதான். அதைத் தாண்டினால் சலுகை போய்விடும், மேலே சொன்ன உச்சவரம்பு உள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது. ஆளுக்கு ஆள் சமம் என்பதை மேம்பட்ட அமைப்பில் தனியாக இயக்க வேண்டும். விடுதியின் எல்லா போனும் ரவுட்டரின் ஒரே முகவரியில்தான் வெளியே போகும்; அந்த முகவரி மாற்றத்துக்கு உள்ளே பார்க்கச் சொல்லும் நாட் என்ற சொல்லையும் சேர்க்க மறந்தால், ரவுட்டருக்கு விடுதி முழுக்க ஒரே ஆளாகத் தெரியும். பாக்கெட் அனுப்பும் வேலையைச் சிப்பே நேராகப் பார்த்துக்கொள்ளும் ஹார்ட்வேர் ஆஃப்லோடை நிறுத்துங்கள். அது ஓடினால் பாக்கெட்டுகள் இந்த வரிசையைத் தொடாமலே போய்விடும். நான் ஒரு மதியம் முழுக்க இதில்தான் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

ஏழாம் படி: வைஃபையை மறக்காதீர்கள்

கடைசி அறையில் இரண்டு சுவரைத் தாண்டி ஒரு பழைய போன். அதே 1500 பைட்டை அனுப்ப, பக்கத்தில் இருக்கும் போனை விடப் பல மடங்கு நேரம் காற்றைப் பிடித்துக்கொள்ளும். இங்கே பைட்டைச் சமமாக்கினால் எல்லாரும் அந்தப் பழைய போனின் வேகத்துக்கு இறங்கிவிடுவார்கள். காற்றில் எண்ண வேண்டியது நேரத்தை. வடகடல் ஏற்பாடு போல, இவருக்கு இவ்வளவு நேரம், அவருக்கு அவ்வளவு நேரம். ஏர்டைம் சமநிலை என்ற பெயரில் பல அக்சஸ் பாயின்டுகளில் (வைஃபை பரப்பும் பெட்டிகளில்) இந்த வசதி இருக்கிறது, இருந்தால் இயக்குங்கள். இல்லையென்றால் கடைசி அறைக்குப் பக்கத்தில் இன்னொரு அக்சஸ் பாயின்ட் போடுவதே மேல்.

எட்டாம் படி: மறுபடியும் அளவு எடுங்கள்

முதல் படியில் செய்த அதே சோதனைதான். அப்லோடை நிரப்பிவிட்டுப் பிங்கைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது வந்ததை விடப் பத்து, இருபது மில்லிசெகண்டுக்கு மேல் ஏறக் கூடாது. ஏறினால் அப்லோட் எண்ணை 8500, 8000 என்று இறக்குங்கள். இறங்கிவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, பிங் அசையும் இடத்தில் நிறுத்துங்கள். மாலை நெரிசல் நேரத்தில் ஒரு முறை கட்டாயம் பாருங்கள். லைன் அந்த நேரத்தில் சொன்ன வேகத்தைத் தராவிட்டால் வரிசை மறுபடி மோடத்துக்குப் போய்விடும். புயல் நேரத்தில் 4ஜி சிம்முக்கு மாறுகிறவர்களுக்கும் இதே பிரச்சினை: வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதால் ஒரே எண் நிற்காது, தாழ்வாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தை அமாவாசைக்கு முந்தின இரவும் மேனேஜரிடமிருந்து போன் வந்தது. கவுன்டர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. "தம்பி, கேமரா நகல் ரெண்டு மணி நேரம் லேட்டா ஏறுது." ஆமாண்ணே, காலையில் ஏறி முடிந்துவிடும் என்றேன்.